பிரெஞ்சு ஆக்சன்ட்டை சாஃப்ட்வேர் கையில குடுக்கலாமா

கருவாட்டுக்கு பிரெஞ்சுல ப்வாசோன் சாலேன்னு சொல்லுவாங்க, உப்பு போட்ட மீன். அந்த கடைசி ஈ எழுத்து மேல ஒரு சாய்வு கோடு இருக்கணும், இந்த மாதிரி குறிக்குத்தான் ஆக்சன்ட்னு பேர். அதை விட்டுட்டா ப்வாசோன் சால் ஆயிடும், அழுக்கு மீன்னு அர்த்தம். மெனு கார்டுல இப்படி அச்சாகி வந்தா வெள்ளைக்காரன் யாராவது போட்டோ எடுத்து சிரிச்சிட்டு போவானே தவிர ஆர்டர் குடுக்க மாட்டான். நான் புதுச்சேரில இருக்கேன், பிரெஞ்சு டைப்பிங், மொழிபெயர்ப்புதான் வேலை. மெனு கார்டு, லெட்டர், பழைய பத்திரம், விண்ணப்பம்னு எது வந்தாலும் அடிச்சுக் குடுப்பேன். 1962-ல இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோட சேந்தப்போ பிரெஞ்சு குடியுரிமையே போதும்னு வச்சுக்கிட்ட குடும்பங்க இன்னிக்கும் இருக்கறதால இந்த வேலை ஓயாது. ஆனா கையில இருக்கறது என்னவோ கடையில விக்கிற சாதா அமெரிக்கன் க்வெர்ட்டி கீபோர்டுதான், அதுல ஒரு ஆக்சன்ட் எழுத்து கூட கிடையாது.

அதனால எங்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, நாம பாட்டுக்கு சும்மா அடிச்சிட்டு போனா ஆக்சன்ட் தானா வந்து உக்கார்ற மாதிரி சாஃப்ட்வேர் எதாச்சும் இருக்கா சார்ங்கறது. பிளஸ் டூல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த பசங்க கேப்பாங்க, பிரெஞ்சு கம்பெனிக்கு வீட்ல இருந்து வேலை பாக்குறவங்க கேப்பாங்க. இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா எந்த வார்த்தையை அது கையில விடலாம், எதை விடவே கூடாதுன்னு ஒரு கோடு போட்டு வச்சுக்கணும், நான் எழுத வந்தது அந்த கோட்டைப் பத்தித்தான்.

முதல்ல தெரியாதவங்களுக்கு ஒரு வரி. மொத்தம் அஞ்சு குறி. வலது பக்கமா ஏறுற கோடு அக்ஸான் தேகு, இது ஈ மேல மட்டும்தான் வரும். இடது பக்கமா சாயுற கோடு கிராவ், இது ஏ, ஈ, யூ மேல. தொப்பி மாதிரி இருக்கறது சிர்கோன்ஃப்ளெக்ஸ். ரெண்டு புள்ளி வச்சா த்ரேமா. சி-க்கு கீழ வால் தொங்குனா செதீய். இது போக ஓ-வும் ஈ-யும் ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு எழுத்து வேற இருக்கு, இதயத்துக்கும் அக்காவுக்கும் முட்டைக்கும் பிரெஞ்சுல எழுதணும்னா அது வேணும். பாவம் அந்த எழுத்து, மேற்கு ஐரோப்பாவுக்குன்னு போட்ட ஐஎஸ்ஓ 8859-1 எழுத்து அட்டவணையிலேயே அதுக்கு இடம் குடுக்கல, அப்புறம் 1999-ல 8859-15 வந்தப்போதான் யூரோ குறியோட சேத்து அதையும் உள்ள விட்டாங்க.

கையால அடிக்குற வழிகளை சீக்கிரமா சொல்லிடறேன். ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு நம்பர் பேட்ல 0233 அடிச்சா ஈ-தேகு, 0231 அடிச்சா செதீய், பத்து வரி லெட்டருக்கு ஓகே, பத்து பக்கத்துக்கு விரல் போயிடும், அதுலயும் லேப்டாப்ல நம்பர் பேடே இல்லன்னா அதுவும் கிடையாது. மேக்ல எழுத்தை அழுத்திப் பிடிச்சா மேல ஒரு சின்ன பட்டியல் வரும். லினக்ஸ்ல எழுத்தையும் குறியையும் அடுத்தடுத்து தட்டினா சேத்துத் தர்ற கம்போஸ் கீ, அதே மாதிரி விண்டோஸ்ல வேணும்னா வின்கம்போஸ்னு இலவசமா கிடைக்குது. மைக்ரோசாஃப்ட் இலவசமா குடுக்குற பவர்டாய்ஸ்ல க்விக் ஆக்சன்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் பரவால்ல.

விண்டோஸ்ல யுஎஸ் இன்டர்நேஷனல்னு ஒரு லேஅவுட் இருக்கே, அதைப் பத்தி மட்டும் கொஞ்சம் புலம்பணும். எல்லாரும் அதைத்தான் சிபாரிசு பண்ணுவாங்க. ஒத்தை மேற்கோள் குறியை, அதாவது அபாஸ்ட்ரஃபி கீயை அடிச்சிட்டு ஈ அடிச்சா ஈ-தேகு, சி அடிச்சா செதீய், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரெஞ்சுல அபாஸ்ட்ரஃபி இல்லாத வாக்கியம் கண்டுபிடிக்கறதே கஷ்டம். தண்ணி, அதாவது லோ, எல் அபாஸ்ட்ரஃபி ஈ-ஏ-யூ. அதை வேகமா அடிச்சா அபாஸ்ட்ரஃபி காணாம போயி ஈ மேல கோடு ஏறி நிக்கும். "அது"ன்னு ஆரம்பிக்கற செ, சரிங்கறதுக்கான தாக்கோர், எல்லாத்துலயும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் அபாஸ்ட்ரஃபிக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் தட்டணும், அப்போதான் அபாஸ்ட்ரஃபி தனியா விழும், பழக்கமாயிட்டா இங்கிலீஷ்லயும் கை அதையே பண்ணும். ஸ்பானிஷ்காரங்களுக்கு ஒருவேளை சரியா இருக்கலாம், பிரெஞ்சுக்கு இது ஆகாது, நான் தூக்கிப் போட்டுட்டேன்.

சரி, பிரெஞ்சுக்காரன் கீபோர்டையே போட்டுக்கலாமேன்னா அசெர்டி வருது. அதுல 2 இருக்குற கீயில ஈ-தேகு, 7-ல ஈ-கிராவ், 9-ல செதீய், 0-ல ஏ-கிராவ், நம்பர் வேணும்னா ஷிஃப்ட் பிடிக்கணும். யூ-கிராவுக்கு தனியா ஒரு முழு கீ குடுத்திருக்காங்க, ஆனா அந்த எழுத்து வர்றது எங்கேன்னு கேக்குற ஊங்கற ஒரே ஒரு வார்த்தையிலதான், ராஜமரியாதைனா இதுதான். அதே சமயம் கேப்பிட்டல் ஈ-தேகு அடிக்க விண்டோஸோட பழைய அசெர்டில நேரான வழி கிடையாது, கேப்ஸ் லாக் போட்டு அந்த கீயை தட்டினா 2 வரும். அதனாலதான் கேப்பிட்டலுக்கு ஆக்சன்ட் தேவையில்லன்னு பிரெஞ்சுக்காரங்கள்லயே பாதி பேர் நம்பிட்டு இருக்காங்க, டைப்ரைட்டர் காலத்துல இருந்து வந்த பழக்கம். பிரெஞ்சு அகாதெமி கேப்பிட்டல்லயும் போட்டே ஆகணும்னு தெளிவா சொல்லுது. கடைசில 2016 ஜனவரில அவங்க கலாச்சார அமைச்சகமே, பிரான்ஸ்ல விக்கிற கீபோர்டை வச்சு பிரெஞ்சை ஒழுங்கா எழுதறது கிட்டத்தட்ட முடியாத காரியம்னு ஒத்துக்கிட்டு, புது தரம் ஒண்ணு போடுங்கன்னு அவங்க தர நிர்ணய அமைப்பான அஃப்நோர் கிட்ட சொல்லி, அது 2019-ல வெளிவந்துச்சு. நல்ல தரம்தான். கடையில அந்த கீபோர்டை தேடிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

இப்போ தானா போடுற சாஃப்ட்வேருக்கு வரேன்.

இதுல ரெண்டு சாதி இருக்கு, நம்ம தமிழ் டைப்பிங் தெரிஞ்சவங்களுக்கு இது டக்குனு புரியும். ஈ-கலப்பைலயோ என்எச்எம் ரைட்டர்லயோ ஃபோனெடிக்ல அடிக்கும்போது சின்ன எல் தட்டினா ல, கேப்பிட்டல் எல் தட்டினா ள, எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்றீங்க, மெஷின் சொன்னதை செய்யும். போன்ல இருக்குற இன்னொரு வகை, நீங்க பொத்தாம் பொதுவா பல்லின்னு இங்கிலீஷ்ல அடிச்சா அதுவே யோசிச்சு பள்ளிக்கூடத்தை போட்டுடும், சுவத்துல இருக்குற பல்லி வேணும்னா நீங்கதான் கீழ போயி தேடி எடுக்கணும். பிரெஞ்சுலயும் இதே ரெண்டுதான். சொன்னதை செய்யறது, ஊகிச்சு செய்யறது.

ஊகிக்கறதுல ரொம்ப எளிமையானது வார்த்தைப் பட்டியல். பிரெஞ்சு சொல் அகராதி ஒண்ணை எடுத்துக்கறோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல ஸ்பெல்லிங் பாக்குற ஹன்ஸ்பெல் அகராதியே போதும். எல்லா வார்த்தையிலயும் ஆக்சன்ட்டை உரிச்சுட்டு, உரிச்ச வடிவம் ஒண்ணா இருக்குறதெல்லாம் ஒரே கூடையில போடணும். கூடையில ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு, அதுக்கு ஆக்சன்ட் இருக்குன்னா பிரச்சினையே இல்ல, கண்ணை மூடிட்டு மாத்தலாம். ரொம்பங்கற த்ரே, ஏற்கனவேங்கற தேஜா, பிரெஞ்சுங்கற ஃப்ரான்சே, இருந்துச்சுங்கற ஏத்தே, இதெல்லாம் ஆக்சன்ட் இல்லாம பிரெஞ்சுல வேற வார்த்தையே கிடையாது. தினமும் அடிக்குற ஆக்சன்ட் வார்த்தைகள்ல நிறைய இந்த கூடைதான். இதை சாஃப்ட்வேர் கையில தாராளமா குடுக்கலாம், குடுக்காம இருக்குறது முட்டாள்தனம்.

ஆனா இதுலயும் ஒரு கூத்து. டீக்கு பிரெஞ்சுல தே, டி-ஹெச்-ஈ, கடைசில தேகு. ஆக்சன்ட் இல்லாத டி-ஹெச்-ஈ பிரெஞ்சுல கிடையாதுங்கறதால பட்டியல் அதை பத்திரமான வார்த்தைன்னு சேத்துக்கும். அப்புறம் நீங்க இங்கிலீஷ்ல மெயில் அடிச்சா ஒவ்வொரு "தி"-யும் டீயா மாறிடும். அதனால பட்டியலை இங்கிலீஷ் வார்த்தைகளோட ஒரு தடவை ஒப்பிட்டு, தி, ஹோட்டல் மாதிரி ஆளுங்களை வெளிய அனுப்பணும், இல்லன்னா பிரெஞ்சு எழுதும்போது மட்டும் ஆன் ஆகுற மாதிரி வைக்கணும்.

இன்னொரு நுணுக்கம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. 1990-ல பிரெஞ்சு எழுத்து சீர்திருத்தம்னு ஒண்ணு வந்துச்சு, ஐ மேலயும் யூ மேலயும் இருக்குற தொப்பியை பெரும்பாலான இடத்துல எடுத்துடலாம்னு சொன்னாங்க. கட்டாயம் கிடையாது, ரெண்டும் சரிதான். பாடப்புத்தகத்துல வரப்போகுதுன்னு 2016-ல செய்தி வந்தப்போதான் ட்விட்டர்ல நானும் சிர்கோன்ஃப்ளெக்ஸ்தான்னு கொடி பிடிச்சாங்க. ஹன்ஸ்பெல் பிரெஞ்சு அகராதியே பழசு, 1990, ரெண்டும் சேந்ததுன்னு தனித்தனியா கிடைக்குது. ரெண்டும் சேந்ததை எடுத்து கூடை போட்டீங்கன்னா தெரிஞ்சுக்கறதுங்கற கொநேத்ர் தொப்பியோட ஒண்ணு, தொப்பி இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு நிக்கும், சாஃப்ட்வேர் குழம்பி தொடாம விட்டுடும். நான் பழசைத்தான் எடுத்தேன், எங்க ஊர்ல லெட்டர் எழுதச் சொல்றவங்களுக்கு வயசு அறுபதுக்கு மேல, தொப்பி இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

இப்போ ரெண்டாவது கூடை, ஒரே கூடையில ரெண்டு மூணு வார்த்தை இருக்கறது. இங்கதான் வில்லங்கம். சி-ஓ-டி-ஈன்னு நாலு எழுத்து. ஆக்சன்ட் இல்லன்னா விலைப்புள்ளி, மதிப்பீடு. ஓ மேல தொப்பி போட்டா கடற்கரை, விலா எலும்பும் அதேதான். ஈ மேல கோடு போட்டா பங்குச் சந்தைல பட்டியல் ஆனது. ரெண்டும் போட்டா பக்கம். நாலும் ஒழுங்கான வார்த்தை. மீனவனுக்கு பெஷர், ஈ மேல தொப்பி. அதே ஈ மேல தேகு வச்சா பாவி. மீனவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் பிரெஞ்சுல அடிக்கும்போது சாஃப்ட்வேர் பாவிகள் சங்கம்னு போட்டுச்சுன்னா அதை ஸ்பெல் செக்கும் பிடிக்காது, ஏன்னா ஸ்பெல்லிங் சரியாதானே இருக்கு.

இந்த பிரச்சினையை ஆராய்ச்சி பண்ணவங்க நிறைய பேர். 1994-ல டேவிட் யரோவ்ஸ்கின்னு ஒரு அமெரிக்கர் ஸ்பானிஷ், பிரெஞ்சு ரெண்டுலயும் விட்டுப்போன ஆக்சன்ட்டை மறுபடி போடறதுக்கு ஒரு முறை எழுதினாரு, பக்கத்துல என்ன வார்த்தை இருக்குங்கற சாட்சியங்களை வரிசைப்படுத்தி, அதுல பலமான சாட்சி சொல்றதை கேக்கறதுதான் அவரோட வழி. கனடால மிஷேல் சிமார், அலெக்ஸாந்த்ர் தெலோரியே ரெண்டு பேரும் 2001-ல இன்னும் நேரடியா, டைப் பண்ணும்போதே ஆக்சன்ட் விழுற மாதிரி செஞ்சு காட்டினாங்க, சராசரியா 200 வார்த்தைக்கு ஒரு தப்புக்கும் கம்மின்னு கணக்கு குடுத்தாங்க. 2001-ல இது பெரிய விஷயம். ஆனா எனக்கு அந்த நம்பரை பாத்தா வேற கணக்குதான் தோணுது, ஒரு பக்கத்துல சுமாரா ஒண்ணோ ரெண்டோ, அதுவும் கண்ணுல படாத தப்பு. கோடு விட்டுப்போன வார்த்தை கண்ணை உறுத்தும், தப்பான கோடு போட்ட வார்த்தை அழகா உக்காந்திருக்கும், படிச்சுப் பாக்கும்போது கூட வழுக்கிட்டு போயிடும்.

டைப் பண்ணும்போதே போடறதுல இன்னொரு கஷ்டம், அதுக்கு தெரிஞ்சது எல்லாம் இடது பக்கம் இருக்குற வார்த்தைங்க மட்டும்தான், அடுத்து நீங்க என்ன அடிக்கப் போறீங்கன்னு அதுக்கு தெரியாது. ஏ-ங்கற ஒத்தை எழுத்தையே எடுத்துக்கோங்க. ஆக்சன்ட் இல்லன்னா "வச்சிருக்கான்"ங்கற வினை, கிராவ் இருந்தா "க்கு", "ல"ங்கற மாதிரி ஒரு இடைச்சொல். பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களுக்கு சொல்லித் தர்ற வழி, அந்த இடத்துல அந்த வினையோட இறந்தகால வடிவமான அவே போட்டுப் பாரு, வாக்கியம் நின்னா ஆக்சன்ட் வேணாம், நிக்கலன்னா போடு. அது மாதிரி ஓ-யூவுக்கு ஊ பியேன் போட்டுப் பாக்கணும், நின்னா "அல்லது", நிக்கலன்னா "எங்க". இந்த சோதனைக்கு முழு வாக்கியமும் வேணும். சாஃப்ட்வேர் ஒண்ணு காத்திருக்கணும், இல்லன்னா நாம முன்னாடி போயிட்டு இருக்கும்போது முதுகுக்குப் பின்னாடி போயி மாத்தணும், ரெண்டும் எரிச்சல்தான்.

எல்லாத்துக்கும் மேல பெரிய கூடை எதுன்னா ஈ-ஆர்ல முடியற வினைச்சொல் கூட்டம், பிரெஞ்சுல பெரும்பாலான வினை இதுதான். பேசறான்னாலும் பேசினன்னாலும் ஆக்சன்ட்டை உரிச்சா ஒரே எழுத்து, கடைசி ஈ மேல தேகு இருக்கா இல்லையாங்கறதுதான் காலத்தையே மாத்துது. கொல்லுறதுக்கு த்யூ, கொல்லப்பட்டவனுக்கு த்யுஏ. போலீஸ்காரர்ங்கற வார்த்தைக்கு பக்கத்துல அதை போட்டா, கோடு இல்லன்னா அவர் கொல்றாரு, கோடு இருந்தா அவரே செத்துட்டாரு. தலைப்பை முழுக்க கேப்பிட்டல்ல ஆக்சன்ட் இல்லாம அச்சடிச்சா யார் யாரை கொன்னாங்கன்னே தெரியாது. இந்த மாதிரி இடத்துல ஊகிக்கற உரிமையை மெஷினுக்கு நான் குடுக்கமாட்டேன், அது எவ்ளோ புத்திசாலியா இருந்தாலும் சரி. இப்போ வர்ற பெரிய மொழி மாடல்கள் இதை பழைய சாஃப்ட்வேர்களை விட நல்லாவே பண்ணுது, முழுசா அடிச்சு முடிச்சிட்டு கடைசியா ஒரு தடவை அதுகிட்ட காட்டி சந்தேகம் கேக்கறதுக்கு நானும் வச்சுக்கறேன், ஆனா ஒருத்தரோட சொத்து விவரம் இருக்குற பத்திரத்தை கொண்டுபோயி வெப்சைட்ல ஒட்டறது எனக்கு ஒப்பல.

நான் வச்சிருக்கறது இதுதான். விண்டோஸ்ல ஆட்டோஹாட்கீ, இலவசம், ஹாட்ஸ்ட்ரிங்னு ஒரு வசதி இருக்கு, இந்த எழுத்துங்களை அடிச்சா அதை எடுத்துட்டு இதை போடுன்னு ஒரு வரில எழுதி வைக்கலாம். லினக்ஸ், மேக்ல வேணும்னா எஸ்பான்சோ கிட்டத்தட்ட அதே வேலையை செய்யும். முதல் கூடை வார்த்தைகள்ல நான் அடிக்கடி அடிக்கறது மட்டும் பட்டியல்ல, முழு அகராதியையும் கொட்டல, கொட்டினா திடீர்னு எது எதுவா மாறுதுன்னு நமக்கே நினைவிருக்காது. ரெண்டாவது கூடைக்கு பட்டியலே கிடையாது, அதுக்கு ரெண்டு கீ தந்திரம். ஈ அடிச்சு உடனே ஸ்லாஷ் அடிச்சா தேகு, பேக்ஸ்லாஷ் அடிச்சா கிராவ், கோடு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் சாயுற கீ, மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல. தொப்பிக்கு 6 மேல இருக்குற குறி, செதீய்க்கு சி அடிச்சு ஒரு கமா. கேப்பிட்டலுக்கும் இதே. கமாவுக்கு பதிலா வேற கீ வச்சுக்கலாம், பிரெஞ்சுல சி-ல முடியற வார்த்தைக்கு அப்புறம் கமா வர்றது உண்டு, எனக்கு அது பழகிடுச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு அழிச்சுக்கறேன். இது எல்லாமே வேர்டு விண்டோ முன்னாடி இருக்கும்போது மட்டும் வேலை செய்யற மாதிரி வச்சாச்சு, இல்லன்னா பிரவுசர்ல அட்ரஸ் அடிக்கும்போது ஸ்லாஷ் எல்லாம் ஈ தலையில ஏறிக்கும்.

ஆட்டோஹாட்கீ பழைய வெர்ஷன் 1 வச்சிருக்கவங்க ஃபைலை யூடிஎஃப்-8 வித் பாம்னு சேவ் பண்ணுங்க. சாதா யூடிஎஃப்-8-ல சேவ் பண்ணா ஈ-தேகு வர்ற இடத்துல அலைக்கோடு போட்ட ஏ-வும் காப்பிரைட் குறியும் ஜோடியா வந்து நிக்கும். வெர்ஷன் 2-ல இந்த தொல்லை இல்ல.

வேர்டுலயே இருக்குற ஆட்டோகரெக்ட்டை நம்பலாமான்னா, நம்பலாம், ஆனா அது மொழிக்கு ஒரு பட்டியல் வச்சிருக்கும், டாக்குமென்ட் மொழி பிரெஞ்சுன்னு செட் பண்ணாம இங்கிலீஷ்லயே விட்டுட்டு வேலை செய்யல வேலை செய்யலன்னா எப்படி செய்யும். பிடிக்காத மாத்தத்தை போட்டுச்சுன்னா உடனே கன்ட்ரோல் இசட் அடிச்சா அந்த மாத்தம் மட்டும் பின்வாங்கும், அடிச்சது போகாது. கேப்பிட்டல்ல ஆக்சன்ட் விடாம போடச் சொல்ற ஆப்ஷனும் பிரெஞ்சுக்குன்னு உள்ள இருக்கு, தேடிப் போயி டிக் பண்ணிடுங்க.

ஃபைல் பேர்ல ஆக்சன்ட் வைக்கறதை மட்டும் நான் தவிர்க்கறேன். யூனிகோட்ல ஈ-தேகுவை ஒரே எழுத்தாவும் வைக்கலாம், ஈ-யும் தனி கோடுமா ரெண்டாவும் வைக்கலாம், நம்ம "கொ"-ல இருக்குற குறியை ஒண்ணாவும் வைக்கலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் வைக்கலாம்ல, அதே கதை. பழைய மேக்ல இருந்து வர்ற ஃபைல் பேர் ரெண்டா உடைஞ்சு வரும், விண்டோஸ்ல ஒண்ணா அடிச்சு தேடினா கண்ணு முன்னாடி இருக்குற ஃபைலே இல்லைன்னு சொல்லும்.

கடைசியா ஆள் பேர். எங்க ஊர் பழைய பதிவேட்டுல தமிழ்ப் பேரை பிரெஞ்சு முறைல எழுதி வச்சிருப்பாங்க, முருகன்னா கடைசில ஒரு சும்மா ஈ ஒட்டிக்கிட்டு நிக்கும், சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறலாம்னு சொன்ன 1881 ஆணைக்கு அப்புறம் குடும்பப் பேர் எடுத்துக்கிட்டவங்க பேர் இன்னொரு தினுசு. பதிவேட்டுல கோடு இருந்தா கோடு, இல்லன்னா இல்ல, இலக்கணப்படி ஆந்த்ரேக்கு கோடு வேணும்னாலும் சர்ட்டிஃபிகேட்ல இல்லன்னா விண்ணப்பத்துலயும் போடக்கூடாது, பேர் பொருந்தலன்னு ஃபைல் திரும்பி வந்துடும். அதனால பேர், ஊர், தெரு அடிக்கும்போது எல்லாத்தையும் நிறுத்தற மாதிரி ஒரு கீ வச்சிருக்கேன், எஃப்12. அடிச்சிட்டு மறுபடி ஆன் பண்ண மறக்காம இருக்க டாஸ்க்பார்ல ஐகான் கலர் மாறுற மாதிரியும் வச்சாச்சு. என் பட்டியல் வேணும்னு கேக்குறவங்களுக்கு தரேன், ஆனா அதுல நான் அடிக்குற பத்திர வார்த்தைங்கதான் ஜாஸ்தி, பரீட்சைக்குப் படிக்கற பசங்க அவங்க பாடத்துல வர்ற வார்த்தையை வச்சு புதுசா ஒண்ணு போட்டுக்கறது சுலபம்.